முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கராஜ்ல நிக்கற ஈ-டைப்புக்கு என்ன விலை சொல்றது?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். இங்கிலாந்துல கவென்ட்ரி பக்கம் இருக்கீங்க, பக்கத்து வீட்டு வயசான அம்மாவோட கணவர் தவறிட்டாரு, அவர் 1966ல புதுசா வாங்கின ஜாகுவார் ஈ-டைப் 4.2 லிட்டர் கூபே கார் 1988ல இருந்து கராஜ்லயே நிக்குது, யாரும் பிரிச்சு மேயல, பெயின்ட் கூட கம்பெனில அடிச்சதுதான்னு அந்தம்மா சொல்றாங்க, "நீங்களே எடுத்துக்கோங்க, ஒரு விலை சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க. நீங்க கேட்டது மார்க்கெட் விலை என்னன்னு. ஆனா அந்த கேள்விக்குள்ள இருக்கறது வேற ஒன்னு: நாளைக்கு அந்தம்மா மூஞ்சில முழிக்க முடியாதபடி அடிமாட்டு விலைக்கும் கேட்டுடக்கூடாது, பாசத்துல அதிகமா சொல்லி வீட்டுக் கடனோட இன்னொரு கடனும் சேத்துக்கக்கூடாது, அப்போ எந்த நம்பர வாய்விட்டு சொல்றது? அதுக்குத்தான் இந்த பதில்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு லேத் பட்டறைல ஆரம்பிச்சவன், இங்க மிட்லேண்ட்ஸ் வந்து பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு டிங்கரிங், வெல்டிங்னு இருபது வருஷத்துக்கு மேல பாத்துட்டு, இப்போ வாங்கறவங்களுக்காக வண்டிய போய் பாத்து ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறேன். உங்க வண்டிய நான் பாக்கல, நீங்க போட்ட நாலு போட்டோல தூசியும் பானட்டும்தான் தெரியுது, அதனால இதுல "இத்தன பவுண்டு"ன்னு ஒரு நம்பர் எதிர்பாக்காதீங்க. அந்த நம்பர நீங்களே எப்படி எட்டறதுன்னு சொல்றேன்.

நியாயமான மார்க்கெட் விலைன்னா, வாங்கறவருக்கும் அவசரமில்ல, விக்கறவருக்கும் அவசரமில்ல, ரெண்டு பேருக்கும் வண்டிய பத்தி ஒரே அளவு விஷயம் தெரியும், அந்த நிலைமைல கை மாறுற விலை. உங்க விஷயத்துல சிக்கலே இங்கதான், ஏன்னா அந்தம்மாவுக்கு தெரிஞ்சது கம்மி, நீங்க நாலு நாள் தேடினா அவங்கள விட அதிகமா தெரிஞ்சுக்குவீங்க, அப்போ தெரிஞ்சத அவங்ககிட்டயும் சொன்னாதான் அது நியாய விலை. இன்சூரன்ஸ்காரங்க எழுதற மதிப்பு இதுல சேராது, அது வண்டி போயிட்டா அதே மாதிரி ஒன்னு தேடி வாங்க ஆகற செலவு, எப்பவும் மேல நிக்கும். டீலர் ஜன்னல்ல ஒட்டியிருக்கறது அவர் ஆசைப்படற விலை, வித்த விலை இல்ல. பேப்பர்ல வர்ற தலைப்பு செய்திய சுத்தமா மறந்துடுங்க. 2015 பிப்ரவரில பாரிஸ்ல ஆர்ட்கூரியால் ஏலத்துல, பிரான்ஸ்ல பல வருஷமா ஷெட்ல கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் தூசியோடயே 1.6 கோடி யூரோவுக்கு மேல போச்சு, அதுலருந்து கராஜ்ல தூசி புடிச்ச வண்டி வச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு கனவு. அந்த ஃபெராரி மொத்தமே நூத்துப்பத்து கூட செய்யல. ஈ-டைப் 1961ல இருந்து 1974க்குள்ள 72,000க்கு மேல செஞ்சாங்க. அழகுல குறைச்சல் இல்ல, ஆனா அபூர்வம்னு சொல்ல முடியாது, அதனால விலைய தீர்மானிக்கறது கண்டிஷன்தான்.

இப்போ "ரீஸ்டோர் பண்ணாத வண்டி"ங்கற வார்த்தை. இந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற வண்டி இருக்கு. ஒன்னு, காலம் முழுக்க ஒழுங்கா பாத்துக்கிட்டு, ஓட்டிக்கிட்டு, பெயின்ட் மங்கி, தோல் சீட் வெடிச்சு, ஆனா தகரம் உறுதியா இருக்கற வண்டி. இன்னொன்னு, யாரும் கவனிக்காம விட்டு உள்ளுக்குள்ள துரு தின்ன வண்டி. ரெண்டையும் விளம்பரத்துல ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. முதல் ரகத்துக்கு தனி மதிப்பு இருக்கு, ஏன்னா பெயின்ட் அடிச்ச வண்டி எத்தன வேணா வரும், கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கற வண்டி ஒவ்வொரு வருஷமும் குறைஞ்சுகிட்டேதான் வரும். ரெண்டாவது ரகத்துக்கு அந்த மதிப்ப குடுத்துடாதீங்க. பெயின்ட் மங்கறது வயசு, ஓட்டை விழறது நோய். மூடின கராஜ்னு சொல்றீங்க, நல்லதுதான், ஆனா இங்கிலாந்து கராஜ் பெரும்பாலும் ஈரம். சிமென்ட் தரையா, அதுக்கடியில ஈரம் வராம ஷீட் போட்டிருக்கா, சுவர்ல பூசணம் இருக்கான்னு முதல்ல அதப் பாருங்க, பாதி கதை அங்கயே தெரிஞ்சுடும்.

உள்ள போனதும் வண்டியோட நம்பர்கள பாருங்க. இதுல சந்தேகத்துக்கே இடமில்ல, இருக்கு இல்ல அவ்வளவுதான். 4.2 சீரிஸ் ஒன் (முதல் தலைமுறை) ரெண்டு சீட்டு கூபே, வலது பக்க ஸ்டியரிங்னா சேசிஸ் நம்பர் '1இ' அப்படின்னு ஆரம்பிச்சு 20001க்கு மேல வரணும். 30001க்கு மேல இருந்தா அது இடது பக்க ஸ்டியரிங்கோட வெளிநாட்டுக்குப் போய் திரும்பி வந்து மாத்தின வண்டி. 50001க்கு மேலன்னா 1966ல வந்த டூ பிளஸ் டூ, பின்னால குட்டி சீட்டோட நீளமா இருக்கும், அதுக்கு விலை நல்லாவே கம்மி. வலது பக்க ஸ்டியரிங் 4.2 கூபே மொத்தமே 2,000க்கும் கம்மியாதான் செஞ்சாங்க, உங்க ஊர்லயே பிரவுன்ஸ் லேன் ஃபேக்டரில. ஒரே ஓனர் கதை உண்மைன்னா உங்களோடது அதுல ஒன்னா இருக்கணும், அது விலைல நிச்சயம் தெரியும்.

நம்பர் தகட்டுல இருக்கறது பத்தாது, தகட்ட யார் வேணா ரிவெட் அடிச்சு மாட்டலாம். முன்னாடி ஃப்ரேம்ல வலது பக்க ஷாக் அப்சார்பருக்கு மேல சேசிஸ் நம்பர் அடிச்சிருப்பாங்க, அதப் பாருங்க. என்ஜின் நம்பர் பிளாக்ல ஆயில் ஃபில்டருக்கு மேலயும், அதுக்கு மேல மூடியிருக்கற ஹெட்டோட முன்பக்கத்துலயும் ரெண்டு இடத்துல இருக்கும், ரெண்டும் ஒன்னா இருக்கணும். கியர்பாக்ஸ்லயும் ஒன்னு இருக்கு, பாடிக்கும் தனி நம்பர் உண்டு. இத எல்லாம் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்ல ஓனர் பேருல அப்ளை பண்ணி வாங்கற சர்டிஃபிகேட்டோட ஒப்பிடுங்க, ஃபேக்டரி லெட்ஜர்ல இருந்து எந்த தேதில செஞ்சாங்க, என்ன கலர், எந்த டீலருக்குப் போச்சுன்னு எழுதிக் குடுப்பாங்க. அந்தம்மா பேருல அப்ளை பண்ணுங்க, உங்க பேருல வேணாம். செலவு பெருசில்ல, இந்த ஒரு பேப்பர் இல்லாம விலை பேசாதீங்க.

அடுத்தது தகரம், இங்க நான் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா ஈ-டைப்போட காசு எல்லாம் இங்கதான் போகும். இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. நடுவுல பெட்டி மாதிரி பாடி, அதுக்கு முன்னால சதுரக் குழாய்ல பிரேஸிங் பண்ணின (பித்தளை மாதிரி உலோகத்த உருக்கி ஒட்டின) ஒரு ஃப்ரேம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும், என்ஜின், முன் சஸ்பென்ஷன், பானட் எல்லாத்தையும் தாங்கறது அந்த மெல்லிசு குழாய்ங்கதான். இது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள தகரம் காகிதம் மாதிரி ஆகியிருக்கும். பல வருஷம் முன்னாடி ஒருத்தருக்காக இருட்டு ஷெட்ல ஒரு ஈ-டைப்ப பாத்து, ஃப்ரேம் வெளிய நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன், அவர் வாங்கி என்ஜின இறக்கினப்போ ஸ்க்ரூ டிரைவர் குழாய்க்குள்ள அப்படியே இறங்கிடுச்சு. அவருக்கு ஆன செலவு என் தப்பு. அன்னைலருந்து குழாய் ஓட்டைக்குள்ள எண்டோஸ்கோப் கேமரா விடாம எந்த வண்டிக்கும் நான் விலை சொல்றதில்ல, உங்களுக்கும் அதான் சொல்றேன், அந்த கேமரா நாப்பது அம்பது பவுண்டுக்குள்ள கிடைக்கும், போன்லயே மாட்டிக்கலாம். ஃப்ரேம் போயிருந்தா வெல்டிங் வச்சு ஒப்பேத்தக்கூடாது, புதுசுதான் மாட்டணும், மாட்டினா அந்த சேசிஸ் நம்பர் அடிச்ச துண்டும் பழசோட போயிடும். அதாவது துரு பாதுகாப்ப மட்டுமில்ல, வண்டியோட அடையாளத்தையும் தின்னுது.

அப்புறம் கதவுக்குக் கீழ இருக்கற சில், ஃப்ளோர், பின் சஸ்பென்ஷன பாடியோட இணைக்கற ரேடியஸ் ஆர்ம் மாட்டற இடம், டிக்கி ஃப்ளோர், பானட்டுல துண்டுங்க சேர்ற விளிம்பு. சில் போச்சுன்னா வண்டியோட முதுகெலும்பு போன மாதிரி. பழைய சில் மேலயே புது தகரத்த வச்சு ஒட்டவச்சிருக்காங்களான்னு பாருங்க, எழுபது எண்பதுகள்ல எம்ஓடி, அதாவது வருஷா வருஷம் நடக்கற வண்டித் தகுதிச் சோதனை, பாஸ் பண்றதுக்காக நிறைய பேரு அப்படித்தான் பண்ணாங்க, அந்த வண்டிய அப்புறம் "ரீஸ்டோர் பண்ணாதது"ன்னு சொல்றதுல அர்த்தமில்ல. ஒரு ஜாக்கிரதை: பெயின்ட் கனம் அளக்கற மீட்டர வச்சு ஒரு இடத்துல அதிகமா காட்டினா உடனே பட்டி போட்டிருக்காங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஜாகுவார் ஃபேக்டரிலயே பாடி ஜாயின்ட்டுகள்ல ஈயத்த உருக்கி இழைச்சாங்க. ஜாயின்ட் வர்ற இடத்துல மட்டும் கனம் காட்டினா அது ஒரிஜினலோட அடையாளமா கூட இருக்கலாம், கதவு நடுவுலயோ வீல் ஆர்ச் விளிம்புலயோ காட்டினாதான் பட்டி. இத தெரியாம நல்ல வண்டிய வேணாம்னு விட்டவங்கள பாத்திருக்கேன்.

என்ஜின் பத்தி சுருக்கமா சொல்றேன். தயவுசெஞ்சு பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. பிளக்க கழட்டி, சிலிண்டர்ல எண்ணெய் விட்டு, சில நாள் ஊற வச்சு, கையால மெதுவா சுத்துதான்னு பாக்கணும். ஜாம் ஆகியிருந்தாலும் உலகம் முடிஞ்சு போகல, இதுல இருக்கற ஜாகுவாரோட எக்ஸ்கே என்ஜினுக்கு பெரும்பாலான பார்ட்ஸும் இன்னைக்கும் கிடைக்குது. அலுமினிய ஹெட் ஸ்டட்டோட அரிச்சு ஒட்டிக்கிறதும், 4.2 பிளாக்ல சிலிண்டருக்கு நடுவுல வெடிப்பு விடறதும் தெரிஞ்ச வியாதிங்க, ரெண்டாவது இருக்கான்னு பிரிச்சாதான் தெரியும், அதனால அது இருக்கலாம்னு வச்சே விலை போடுங்க. பிரேக் எல்லாமே பண்ணணும், பின் டிஸ்க்கு ரெண்டும் சக்கரத்துகிட்ட இல்லாம நடுவுல டிஃபரன்ஷியல் பக்கத்துல இருக்கறதால, முழு வேலைக்கு பின் சஸ்பென்ஷன் மொத்தத்தையும் கூண்டோட இறக்கணும், கூலி ஏறும்.

பேப்பரும் உள்பக்கமும் நிறைய பேரு அலட்சியமா விடற இடம், ஆனா ரீஸ்டோர் பண்ணாத வண்டிக்கு இதுதான் சாட்சி. 1966 பில்லு, பழைய லாக் புக், வருஷா வருஷம் போட்ட எம்ஓடி சர்டிஃபிகேட்டுங்க எல்லாம் இருந்தா மைல் கணக்கு நிஜம்னு நிரூபிக்கலாம். இல்லன்னா ஓடோமீட்டர்ல 41,000 காட்டறது 1,41,000 ஆகவும் இருக்கலாம், ஏன்னா அது அஞ்சு இலக்கம்தான். ஒரிஜினல் தோல் சீட்டு கிழிஞ்சிருந்தாலும் மாத்தாதீங்க. டூல் ரோல், ஜாக்கி, ஹேண்ட்புக் இதெல்லாம் அந்தம்மா வீட்டு அலமாரில எங்கயாவது இருக்கும், கேட்டு ஒன்னா சேத்து வைங்க, தனித்தனியாவே காசு. முதல் நாள்ல இருந்து இருக்கற நம்பர் பிளேட்டும் வண்டியோடயே இருக்கணும். இன்னொன்னு, 40 வருஷம் தாண்டின வண்டிக்கு ரோடு டாக்ஸ் கட்ட வேணாம், பெருசா மாத்தாம இருந்தா எம்ஓடியும் வேணாம், இத ஒரு தகுதி மாதிரி விளம்பரத்துல போடுவாங்க, வண்டியோட நிலைமைய பத்தி அது ஒன்னும் சொல்லாது.

இப்போ கணக்கு. ரெண்டு வழில போட்டு, ரெண்டும் எங்க சந்திக்குதுன்னு பாக்கணும். முதல் வழி, கழித்தல். இதே மாடல் நல்லா முடிச்ச வண்டி என்ன விலைக்கு வித்திருக்குன்னு ஏல ரிசல்ட்டுகள்ல இருந்து எடுங்க, பான்ஹாம்ஸ், ஹெச் அண்ட் ஹெச் மாதிரி கம்பெனிங்க தங்களோட தளத்துலயே போடுறாங்க, பழைய கார் இன்சூரன்ஸ் கம்பெனியான ஹாகர்ட்டியோட விலைப்பட்டியலும் இருக்கு. அதுலருந்து உங்க வண்டிய அந்த நிலைக்கு கொண்டு போற செலவ கழிங்க. நல்ல பட்டறைல முழுசா பண்ணினா ஒரு லட்சம் பவுண்டு தாண்டறது சாதாரணம், ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பு அது. அப்போ பல கூபேக்களுக்கு இந்த கழித்தல்ல வர்ற விடை பூஜ்யம், சிலதுக்கு மைனஸ். ஆனா பூஜ்யம்னு சொல்லி யாரும் குடுக்கறதில்ல, ஓடாத ஈ-டைப்புக்கே நல்ல விலை குடுக்க ஆள் இருக்காங்க. ஏன்னா வாங்கற பலபேரு சனி ஞாயிறுல தானே உக்காந்து வேலை செய்யறவங்க, தன் உழைப்புக்கு கூலி போட மாட்டாங்க. அதனால கழித்தல் தரை மட்டத்த காட்டுதே தவிர விலைய காட்டாது. ரெண்டாவது வழி நேரடி ஒப்பீடு: முடிச்ச வண்டிங்கள விட்டுட்டு, ஓடாம நின்ன, பிரிக்காத, அதே 4.2 வலது பக்க ஸ்டியரிங் கூபே கடைசி ரெண்டு மூணு வருஷத்துல ஏலத்துல என்ன விலைக்கு உண்மைலயே போச்சுன்னு அஞ்சாறு உதாரணம் எடுங்க. விக்காம திரும்பினதையும் குறிச்சுக்கோங்க, அது ரொம்ப நல்ல தகவல். அந்த அஞ்சாறுல துரு எவ்வளவுன்னு பாத்து உங்க வண்டிய எந்த ரெண்டுக்கு நடுவுல வைக்கலாம்னு முடிவு பண்ணுங்க. 2015ல வந்த பழைய ரிசல்ட்ட யாராவது நீட்டினா எடுத்துக்காதீங்க, அந்த சமயத்துல ஏறின விலை அதுக்கப்புறம் இறங்கிடுச்சு.

ஏல விலை கிடைச்சதும் அத அப்படியே சொல்லிடக்கூடாது, இங்கதான் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல விஷயம் ஒளிஞ்சிருக்கு. புரியறதுக்காக ஒரு கற்பனை நம்பர் எடுத்துக்கறேன், உங்க வண்டி விலைன்னு நினைச்சுடாதீங்க. ஏலத்துல சுத்தியல் 30,000 பவுண்டுல விழுதுன்னு வைங்க. விக்கறவர்கிட்ட 10 சதவீதம் கமிஷன், அது மேல 20 சதவீதம் வாட் வரி, ஆக 3,600 போயி அந்தம்மா கைக்கு வர்றது 26,400. வாங்கறவர் ஏல கம்பெனிக்கு கட்டற 15 சதவீதம் பிரீமியம், அதுக்கும் வாட், 5,400 சேத்து 35,400 கட்டணும். நடுவுல 9,000 பவுண்டு கமிஷனாவும் வரியாவும் போகுது. நீங்க நேரடியா வாங்கினா இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க முடிச்சாலும் ரெண்டு பேருக்கும் லாபம். நான் உங்க இடத்துல இருந்தா சரிபாதிக்கு கொஞ்சம் மேல, 31,000 கிட்ட சொல்லுவேன், ஏன்னா நமக்கு தெரிஞ்சது அதிகம், அவங்களுக்கு வேற ஆள் தேட வழி கம்மி. கமிஷன் சதவீதம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், கேட்டு உங்க நம்பர போட்டுக்கோங்க.

இதுவரைக்கும் சொன்னதுல நம்பர், தகரம், பேப்பர், கமிஷன் இதெல்லாம் உறுதி. உறுதியில்லாதது, "கை படாத வண்டி"ங்கறதுக்கு எவ்வளவு கூட்டிக் குடுக்கறது. அதுக்கு ஃபார்முலா கிடையாது. ஒரே நாள்ல அத தேடற ரெண்டு பேரு ஏலத்துல உக்காந்திருந்தா ஏறும், இல்லன்னா ஏறாது. என் அனுபவத்துல தகரம் நல்லா இருந்து, ஒரே ஓனர், பேப்பர் முழுசா, ஒரிஜினல் பெயின்ட்டுன்னு நாலும் சேந்தா மட்டும்தான் அந்த கூடுதல் நிக்குது. நாலுல தகரம் இல்லன்னா மீதி மூணும் கதையா மட்டும்தான் மிஞ்சும், கதைக்கு நான் கொஞ்சம்தான் குடுப்பேன். இதுல என்கூட ஒத்துக்காத நல்ல மதிப்பீட்டாளர்கள் இருக்காங்க.

அதனால இந்த வாரம் செய்ய வேண்டியது. வண்டிய கழுவாதீங்க, தூசிய கூட தொடாதீங்க, அப்படியே எல்லா பக்கமும் போட்டோ எடுங்க. கணவர் சொத்து கணக்கு காட்டறதுக்காக அந்தம்மாவோ அவங்க வக்கீலோ ஏற்கனவே ஒரு மதிப்பு எழுதி வாங்கியிருக்காங்களான்னு கேளுங்க, பல சமயம் வண்டிய பாக்காமலே எழுதினதா இருக்கும், அத வச்சு பேரம் பேசாதீங்க. ரெண்டு ஏல கம்பெனிகிட்ட அந்தம்மா பேருலயே எஸ்டிமேட் கேக்கச் சொல்லுங்க, பொதுவா காசு வாங்க மாட்டாங்க, ஆனா வண்டி தன்கிட்ட வரணும்னு கொஞ்சம் தூக்கிச் சொல்றவங்களும் உண்டு. அப்புறம் ஈ-டைப் தெரிஞ்ச ஒரு ஆள பாதிப்பாதி செலவு போட்டு கூட்டிட்டு வாங்க, ரிப்போர்ட்ட அவங்க கைலயும் ஒரு காப்பி குடுங்க, அவங்க பிள்ளைங்க யாராவது இருந்தா அவங்க முன்னாடி பேசுங்க. சொந்த கார வித்தா கேப்பிடல் கெயின்ஸ் வரி (சொத்து வித்து வர்ற லாபத்துக்கான வரி) கிடையாதுன்னும் அவங்ககிட்ட சொல்லுங்க, வயசானவங்க அதுக்கு பயந்துதான் சில சமயம் அவசரப்படறாங்க.

சேசிஸ் நம்பர் அடிச்ச இடம், ஹெட் நம்பர், ரெண்டு பக்க சில்லோட கீழ்ப்பாகம், எண்டோஸ்கோப்ல ஃப்ரேம் குழாய் உள்பக்கம், இந்த போட்டோக்கள மட்டும் எடுத்து போடுங்க, நம்பரோட கடைசி மூணு இலக்கத்த மறைச்சுடுங்க. பாத்துட்டு இது முதல் ரகமா ரெண்டாவது ரகமான்னு மட்டும் என்னால சொல்ல முடியும்.